வலது ஐந்து, இடது ஆறு

அவள் விழுந்த சத்தம் என் கடைக்குக் கேட்டது. என் கடை என்றால் சாவி வெட்டுகிற கடை. பக்கத்துச் செருப்புக் கடைக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு நெருக்கம். மிஷினை நிறுத்திவிட்டு ஓடினேன்.

செருப்புக்கடை அண்ணனின் மகள் குடோன் படியடியில் கிடந்தாள். மேலேயிருந்து எடுத்து வந்த அட்டைப்பெட்டிகள் சுற்றிலும் சிதறியிருந்தன. இடது கால் ஷூ கழன்று கடை நடுவில் கவிழ்ந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு ஸ்பாஞ்சு உருண்டை வெளியே விழுந்திருந்தது. அழுக்கேறி, கட்டைவிரல் தடம் பதிந்த ஸ்பாஞ்சு. வாங்க வந்தவர்கள் அவளையும் பார்த்தார்கள், ஸ்பாஞ்சையும் பார்த்தார்கள்.

அண்ணன் கல்லாவிலிருந்து பாய்ந்து வந்தார். வந்தவர் குனிந்து முதலில் எதை எடுத்தார் தெரியுமா? ஸ்பாஞ்சை. அதைச் சட்டைப் பைக்குள் திணித்த பிறகுதான் மகளைத் தூக்கினார். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அந்தப் பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே இடது பக்கம் பாதி பலம்தான். வயிற்றில் இருக்கும்போதே தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டதாம். ஒருபக்க வாதம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதை வெளியில் சொன்னால், 'வாதமா? அது வயசானவங்களுக்கு வர்றதாச்சே' என்று நம்மைப் பொய் சொல்கிறவர்களாகப் பார்ப்பார்கள். இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். இடது கால் நுனியில்தான் ஊன்றும், குதிகால் தரையில் படாது. அந்தக் கால் வளர்த்தியும் குறைவு. வலதுக்கு ஆறாம் நம்பர் என்றால் இடதுக்கு ஐந்து.

அப்பன் செருப்புக் கடைக்காரர். அதுவும் எப்பேர்ப்பட்ட கடைக்காரர்! யார் வந்தாலும் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, அவர்கள் காலைத் தன் முட்டியில் வைத்து, ஷூவை மாட்டி, முனையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். "இடிக்குதா? லூசா இருக்கா? நாலு அடி நடந்து காட்டுங்க." நடந்து காட்டாதவருக்கு அவர் பெட்டி கட்டியதே கிடையாது. இந்தத் தெருவிலேயே காலைத் தொட்டு வியாபாரம் செய்கிற ஒரே மனிதர் என்று அவருக்கு அப்படி ஒரு பெயர். அப்படிப்பட்டவர் சொந்த மகளுக்கு இரண்டு காலுக்கும் வலது கால் நம்பரையே போட்டு, இடதுக்குள் ஸ்பாஞ்சைத் திணித்து அனுப்பிக்கொண்டிருந்தார். அவள் நடை பழகிய நாளிலிருந்து.

காரணம் கேட்டால் தொழில் தர்மம் பேசுவார். ஜோடியை உடைக்கக் கூடாது. ஒற்றைக்கால் மிஞ்சினால் அது செத்த சரக்கு. அந்தக் கடை வாசலில் கொக்கிகளில் தொங்குவதெல்லாம் வலது கால் ஷூதான். இரண்டையும் வெளியே மாட்டினால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று இடதை எல்லாம் பெட்டிக்குள் போட்டு உள்ளே ரேக்கில் வைத்திருப்பார். வருகிறவர்கள் வெளியே தொங்குவதைப் போட்டுப் பார்ப்பார்கள், சரி என்றால் உள்ளேயிருந்து இடது வந்து ஜோடி சேரும். செருப்புக் கடைகளில் இது வழக்கம்தான். ஆனால் அவர் வீட்டிலும் அதே வழக்கம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அவளுடைய அம்மா, எனக்கு அண்ணி, அதற்கு ஒரு படி மேல். அந்தப் பெண் கொட்டாவி விட்டால் இடது கை தானாக மேலே எழும்பும். அவள் தூக்கவில்லை, அது தூக்கிக்கொள்கிறது. கொட்டாவி முடிந்ததும் தானே இறங்கிவிடும். அண்ணி பக்கத்தில் இருந்தால் சட்டென்று அந்தக் கையைப் பிடித்து அமுக்குவாள். யாராவது பார்த்துவிடுவார்களாம். சின்ன வயதில் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா, "இதே மாதிரி பிள்ளைங்க நிறைய இருக்காங்க, கூட்டிட்டுப் போய்ப் பழக விடுங்க" என்றாராம். அண்ணி என்னிடமே பெருமையாகச் சொன்னாள், "நான் மாட்டேன்னுட்டேன். அந்தப் பிள்ளைங்களோட சேர்ந்தா இவளும் அப்படியே ஆயிடுவாளே!"

இவள் வேறு எப்படி இருக்கிறாளாம்? கேட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. நல்ல கை! மாவுக்கட்டுப் போட்ட பிறகு ஒரு தம்ளரைத் தூக்கக்கூட ஆள் வேண்டியதாயிற்று. அதுவாவது சரியாகும். அண்ணன் எடுத்த முடிவுதான் எனக்கு ஆறவில்லை. அதுவரை அவள் முன்கடையில் நின்றாள். கெட்டிக்காரி. காலைப் பார்த்தே நம்பர் சொல்வாள், வாயாடி, வருகிறவர்களைச் சிரிக்க வைத்தே விற்றுவிடுவாள். அதை நிறுத்திவிட்டு அவளை குடோனில் உட்கார வைத்தார்.

"எத்தனை நாளைக்குண்ணே?" என்று கேட்டேன்.

"நாளென்ன தங்கச்சி, இனிமே அங்கயே இருக்கட்டும். கட்டுப் பிரிச்சதும் பெட்டிக்கு நம்பர் ஒட்டட்டும். நிழல்ல உக்காந்து செய்யிற வேலை."

"அவ முன்னாடி நின்னாத்தானே வியாபாரமே நடக்குது?"

"விழுந்ததை எல்லாரும் பார்த்துட்டாங்கம்மா. செருப்புக் கடையில நொண்டிக்கிட்டு ஒருத்தி நின்னா, இந்தக் கடை செருப்பைப் போட்டா இப்படித்தான் ஆகும்போலன்னு நினைப்பாங்க."

உள்ளே அவள் காதில் விழும்படிதான் சொன்னார். முழங்கையால் பெட்டிகளைத் தள்ளுகிற சத்தம் நின்று, மறுபடி கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு வெட்டிய சாவி ஒன்றும் பூட்டுக்குள் போகவில்லை.

மாவுக்கட்டைப் பிரிக்கிற நாளில் அண்ணனுக்குச் சரக்கு இறங்கியது, அண்ணிக்குக் காய்ச்சல். நான் ஷட்டரை இழுத்துவிட்டு அவளைக் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. புழுக்கம் வேறு. அவளுக்குக் கொட்டாவி வந்தது. இடது கை எழும்பியது. கட்டுப்போட்ட வலது கையால் அதை அமுக்கப் பார்த்தாள். பழக்கதோஷம், அம்மா கொடுத்த சொத்து.

எதிர் பெஞ்சில் ஒரு பெண். இவள் வயதுதான் இருக்கும். சட்டையெல்லாம் மாவு.

"ஏய், உனக்கும் தூக்குமா?" என்றாள்.

இவள் முகம் செத்துவிட்டது. "என்னது?"

"கைதான். அதை ஏன் போட்டு அமுக்குற? அது பாட்டுக்குப் போயிட்டு வரட்டும் விடு." சொல்லிவிட்டு அவள் வாயைப் பிளந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். வேண்டுமென்று ஆரம்பித்தது நிஜக் கொட்டாவியாகவே ஆகிவிட்டது. அவளுடைய வலது கை விறுவிறுவென்று தோள்வரை எழும்பி நின்றது. "பாத்தியா? எனக்கு வலது. பஸ்ல ஒரு தடவை இப்படித் தூக்கி, கண்டக்டர் நான் இறங்கணும்னு விசில் அடிச்சிட்டாரு."

இவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அழுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பெண் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறவள். "ஞாயித்துக்கிழமை காலையில எங்க பேக்கரி மாடியில ஒரு கூட்டம் கூடுவோம். எல்லாம் நம்ம ஆளுங்க. ஒரு பக்கம் வேலை செய்யும், ஒரு பக்கம் மேற்பார்வை பாக்கும். வர்றியா?"

நம்ம ஆளுங்க. பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை.

வீட்டில் கேட்டால் விடமாட்டார்கள். எனக்குத் துணைக்கு என்று சொல்லிக் கூட்டிப் போனேன். பேக்கரி மாடியில் மாவு மூட்டைகள் ஒரு ஓரம், சுடச்சுட ரொட்டி வாசனை, நடுவில் பாய் விரித்து ஒரு கூட்டம் இளசுகள். உள்ளே நுழைந்ததுமே ஒரு பையன் கத்தினான், "வா வா! எந்தக் கட்சி? இடதா, வலதா?"

"இடது" என்றாள், வாசலிலேயே நின்று.

"அடப்போங்கப்பா, மெஜாரிட்டி அவங்களுக்குப் போச்சு!"

அந்தப் பையனை லேட்டு என்று கூப்பிட்டார்கள். "இவங்கெல்லாம் பொறக்கும்போதே டிக்கெட் வாங்கினவங்க. நான் காலேஜ்ல சேர்ந்தப்புறம்தான் வந்து சேர்ந்தேன். ஒரு நாள் பல்லு விளக்கிட்டிருந்தேன், பிரஷ் கீழ விழுந்துச்சு, பின்னாடியே நானும் விழுந்தேன். ஆஸ்பத்திரியில பக்கத்து பெட்டெல்லாம் தாத்தாக்கள். ஒருத்தர் கேக்குறாரு, 'ஏம்பா, யாரைப் பாக்க வந்து படுத்திருக்க?'ன்னு."

பன் பாக்கெட் வந்தது. பேக்கரிக்காரி தன் இடது கையால் ஒரு முனையைப் பிடித்து இவளிடம் நீட்டினாள். இவள் வலது கையால் மறுமுனையைப் பிடித்து இழுக்க, பாக்கெட் கிழிந்தது. யாரும் கைதட்டவில்லை, 'பரவாயில்லையே' என்று ஒருவரும் சொல்லவில்லை. பன்னை எடுத்துத் தின்றார்கள், அவ்வளவுதான்.

சிரிப்பும் கும்மாளமும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகள் பொங்கிய பொங்கலைக் கேட்டிருக்க வேண்டும்.

"'இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணும்மா'ங்கிறாங்க. காலையில சட்டை பட்டன் போடறதுக்குள்ளயே ஒரு நாள் முயற்சி எனக்குத் தீந்துபோச்சுய்யா!"

"எங்க சித்தப்பா பரிசு குடுக்கிறப்ப, 'ரெண்டு கையாலயும் வாங்கு'ன்னு சபையில சொல்றாரு. தெரியாமலா சொல்றாரு?"

"எங்க வீட்டுல போட்டோவுக்கு என்னை எப்பவும் ஓரமா, திருப்பி நிறுத்துவாங்க."

இவள் ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "எனக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும்" என்றாள். யாரோ கொட்டாவி விட்டார்கள். கொட்டாவி தொற்றும் இல்லையா? வரிசையாக ஒவ்வொருவராக வாயைப் பிளக்க, இடதும் வலதுமாகக் கைகள் எழும்பின. இவளுடையதும் எழும்பியது. அமுக்க ஆள் இல்லை. அது நிதானமாகப் போய் நின்று, நிதானமாக இறங்கியது.

பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோதுதான் பேக்கரிக்காரி கவனித்தாள். தன் காலை இவள் காலோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். அவளுக்கு வலது ஐந்து, இடது ஆறு. இவளுக்கு வலது ஆறு, இடது ஐந்து.

"நாள் பூரா நின்னு செய்யிற வேலை எனக்கு. ரெண்டு ஜோடி வாங்கி, பாதியைத் தூக்கிப் போட்டுட்டிருக்கேன். நீ என்ன பண்ற?"

"ரெண்டுமே ஆறு. இதுல ஸ்பாஞ்சு வச்சுப்பேன்."

"உங்க அப்பா என்ன வேலைன்னு சொன்ன?"

"செருப்புக் கடை."

பேக்கரிக்காரி மெதுவாகத்தான் கேட்டாள். "கடையில அஞ்சும் இருக்கு, ஆறும் இருக்கு. அப்புறம் நீ ஏண்டி ஸ்பாஞ்சோட நடக்குற?"

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கள் தெரு முனையில் இறங்கியதும் நின்றாள். "அத்தை, நான் கேட்டதே இல்ல. கேக்கலாம்னே எனக்குத் தோணல."

மறுநாள் குடோனில் அவளே காரியத்தை முடித்துவிட்டாள். ஒரே மாடலில் ஐந்து, ஆறு பெட்டிகளை எடுத்தாள், ஆறின் வலதைக் கொக்கியிலிருந்து கழற்றி வந்தாள். ஆறின் வலது, ஐந்தின் இடது, இரண்டையும் தனக்குப் போட்டுக்கொண்டாள். ஆறின் இடதை ஐந்தாம் நம்பர் பெட்டிக்குள் வைத்தாள். ஐந்தின் வலது வழக்கம்போல வெளியே கொக்கியில் தொங்கியது. பேக்கரிக்காரியை ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரச் சொல்லியிருந்தாள், வந்ததும் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. பின்வாசல் வழியாக என் கடைக்கு வந்து நடந்து காட்டினாள். ஊன்றுவது நுனிக்கால்தான், அது மாறவில்லை. ஆனால் ஷூ காலோடு வந்தது. பின்னாலிருந்து யாரோ அதைப் பிடித்து இழுப்பது நின்றுவிட்டது.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"அவ வந்து வாங்கிட்டுப் போகட்டும் அத்தை. ஒத்தைக்கால்கூட மிஞ்சலைன்னு காட்டிட்டு, முன்கடையில நிக்கிறேன்னு கேக்குறேன். ஒத்தைக்காலை வச்சுத்தானே இத்தனை வருஷம் பேசினாரு."

ஆனால் சனிக்கிழமை வந்துவிட்டதே.

மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். கடையில் கூட்டம். ஒரு ஆபீஸ்காரம்மா கொக்கியில் தொங்கிய ஐந்தின் வலதைப் போட்டுப் பார்த்து, "இதே குடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அண்ணன் வலதை அழுத்திப் பார்த்தார். ஐந்தாம் நம்பர் பெட்டியிலிருந்த இடதை எடுத்து அவசரத்தில் அப்படியே மாட்டிவிட்டார். அந்தம்மா நடந்து காட்டவில்லை, ஓடினார். அரை மணி நேரத்தில் சேலையெல்லாம் சேறோடு திரும்பி வந்தார்.

"என்னய்யா கடை நடத்துற? ஒரு கால் சரியா இருக்கு, ஒரு கால் லொடலொடன்னு கழண்டு போகுது. பஸ் படியில வழுக்கி, பல்லு போயிருக்கும் எனக்கு! அரை மணி நேரத்துல குதிகால் தோலே உரிஞ்சுபோச்சு, பாரு!"

அண்ணன் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். ஐந்து, ஆறு. முகம் சிவந்தது. "எவ ஜோடியை உடைச்சது?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். நான் தடுப்பைச் சுற்றி ஓடி வந்துவிட்டேன்.

அவள் குடோன் படியிறங்கி வந்தாள். விழுந்த அதே படி. கைப்பிடியைப் பிடிக்கவில்லை.

"நான்தான்பா."

அண்ணன் பார்வை அவள் காலுக்குப் போயிற்று. ஐந்தின் இடது எங்கே இருக்கிறது என்று புரிந்துவிட்டது. அந்த மாடலில் ஐந்து வேறு இல்லை. குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். அவள் காலடியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதுவும் கழற்றுவதற்கு.

"கழட்டு. இந்தம்மா நிக்கிறாங்க, கழட்டிக் குடு."

"அப்ப எனக்கு?"

"உனக்குத்தான் ஆறு இருக்கே. ஸ்பாஞ்சு வச்சுக்கலாம். பழகினதுதானே."

"பழகினதா?" அவள் குரல் தடுப்புப் பலகையை அதிர வைத்தது. "அவங்க அரை மணி நேரம் போட்டாங்க, கடையே கிடுகிடுங்குது. நான் எத்தனை வருஷம்பா போட்டேன்? எனக்குத் தோல் உரியலையா? நான் வழுக்கலையா? விழுந்து கையை முறிச்சுக்கிட்டேனே, என்னை எடுத்தீங்களா, ஸ்பாஞ்சை எடுத்தீங்களா?"

"ஏய், கஸ்டமர் முன்னாடி..."

"கஸ்டமர் முன்னாடிதான் சொல்லுவேன். 'வலதை வெளிய மாட்டு, இடதை உள்ள வை'ன்னு சொல்லுவீங்களே! செருப்புக்குத்தான் அந்தச் சட்டம்னு நினைச்சேன். நான் கழட்ட மாட்டேன். இது என் கால் சைசு. ஸ்பாஞ்சுதான் இருக்கே! அதை இவங்களுக்கு வச்சுக் குடுங்க. பழகிடும்னு சொல்லுங்க. எனக்குச் சொன்னீங்கல்ல?"

ஆபீஸ்காரம்மாவுக்கு இவர்கள் வீட்டுக் கதையில் அக்கறையே இல்லை. எரிச்சலோடு கேட்டார். "ஸ்பாஞ்சா? ஷூவுக்குள்ள ஸ்பாஞ்சை வச்சுக்கிட்டு மனுஷி நடப்பாளா? என்ன பேச்சு பேசுறீங்க!"

அண்ணன் கையிலிருந்த ஆறின் இடதைக் கீழே வைத்தார். குடோன் வாசலில் நின்ற அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தம்மாவுக்கு வேறு மாடலில் ஐந்தை எடுத்துக் கொடுத்தது மகள்தான். "ரெண்டையும் போட்டு நடந்து பாருங்க மேடம்" என்றாள். நடந்து பார்த்துவிட்டுத்தான் போனார். மழை விட்டு ஷட்டர் இறங்கும்வரை அவள் முன்கடையை விட்டு நகரவில்லை. உள்ளே போ என்று சொல்ல அண்ணனுக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேக்கரிக்காரி வந்தாள், லேட்டுவும் கூட வந்தான். ஐந்தின் வலதும் ஆறின் இடதும் துடைத்துக் கல்லாமேல் தயாராக இருந்தன. அண்ணன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கை மட்டும் பழக்கத்தில் ஸ்டூலை இழுத்தது. உட்கார்ந்து, பேக்கரிக்காரியின் வலது காலை எடுத்து முட்டியில் வைத்தார். அந்தக் கால் விறைத்து நடுங்கியது. நடுக்கம் அடங்கும்வரை பிடித்துக்கொண்டு, பிறகு மாட்டினார். முனையில் கட்டைவிரலால் அழுத்தினார். இடதையும் மாட்டினார்.

"இடிக்குதாம்மா? லூசா இருக்கா?"

"இல்லைங்க. சரியா இருக்கு. ரெண்டுமே!" அவள் எழுந்து கடையைச் சுற்றி நடந்தாள். லேட்டு விசிலடித்தான். "முதலாளி, ஒத்தைக்கால் ஏதாவது மிஞ்சிச்சா பாத்துக்கங்க" என்றான்.

ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டு பெட்டி, இரண்டு பெண்கள், நாலு கால். இத்தனை வருஷமும் யாரிடமாவது வாய் திறந்து, என் மகளுக்கு இப்படி என்று சொல்லியிருந்தால் போதும். அதுதான் அந்த மனிதருக்கு முடியவில்லை.

மகள் கொக்கியில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"இந்தக் கேள்வியை ஊர்ல எல்லாரையும் கேட்டீங்கப்பா. என்னை ஒரு தடவை கேட்டிருக்கீங்களா?"

கத்தவில்லை. நேற்றைக்குக் கத்தியதைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவள் பக்கம் திரும்பினார். முட்டியைத் தட்டித் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். "வா" என்றார். "இப்படிக் காலை வை. இடிக்..."

கேள்வியை அவர் முடிக்கவில்லை. அவள் அந்தக் கைகளை ஒரு நிமிடம் பார்த்தாள். கால் எடுத்து வைப்பாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"அப்புறம் கேளுங்க" என்றாள். "வாசல்ல கஸ்டமர் நிக்கிறாங்க."

சொல்லிவிட்டு முன்கடைக்கு நடந்தாள்.